புது ரேம்ப், முதல் வண்டி

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். மழை வருகிற மாதிரி இருட்டி, வராமல் போய்விட்டது.

முதலில் ஒரு மன்னிப்பு. இந்த டைரியை ஜனவரியில் ஏதோ கப்பல் ஏஜென்ட் ஆபீசில் அப்பாவுக்குக் கொடுத்தார்கள். "படிச்ச கை எழுதட்டும்" என்று அவர் என்னிடம் தந்தார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் பீரோ மேல் கிடந்தது. இத்தனை வெள்ளைத் தாளைத் தாண்டி வந்து நடுவில் எழுதுவது, யாரோ வீட்டுக்குள் செருப்போடு நுழைகிற மாதிரி இருக்கிறது. எழுதுகிற அளவுக்கு என்னிடம் ஒன்றும் இல்லை. இன்று கோபம் வந்தது, சொல்ல ஆளில்லை. அவ்வளவுதான்.

(எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்கிறேனாம். ஃபிட்டர் பாபு எனக்கு வைத்திருக்கும் பெயர் 'சாரி மேடம்'. கதவில் இடித்துக்கொண்டால் கதவிடமே சாரி சொல்வேன் என்கிறான். சொல்லியிருக்கிறேன்.)

இன்று துறைமுகத்தில் பழைய ரேம்ப்பைக் கழற்றினார்கள். கப்பலில் கார் ஏற்றுகிற பெரிய இரும்புப் பலகை. ஒரு முனை கரையில் கீலில் மாட்டியிருக்கும். மறுமுனை கப்பலின் வாய்க்கு. ஏற்றுமதிக்கு வருகிற புதுக் கார்கள் வரிசையாக இதன்மேல் ஓடித்தான் உள்ளே போகும். புதிய ரேம்ப் எங்கள் கம்பெனியின் வேலை. கும்மிடிப்பூண்டி ஷெட்டில் செய்து முடித்தாயிற்று. நான் ட்ரெயினி இன்ஜினியர். டிராயிங், போட்டோ, ரிப்போர்ட் எல்லாம் என் தலையில்.

கிரேன் தூக்கிச் சாய்த்தபோது பழையதன் அடிப்பக்கத்தை முதல்முறையாகப் பார்த்தேன். அதைத் துரு என்று சொல்ல முடியாது. துரு என்றால் கொஞ்சமாவது இரும்பு மிச்சம் இருக்க வேண்டும். குறுக்குச் சட்டமெல்லாம் சிப்பி. ஒட்டுமேல் ஒட்டு. அந்த ஒட்டிலும் ஓட்டை. ஓட்டை வழியே வானம்.

இதன்மேல் இத்தனை வருஷம் அடுத்தவர் காரை ஓட்டிவிட்டு அப்பா வீட்டுக்கு வந்து, "இன்னா கொழம்பு?" என்று கேட்டிருக்கிறார்.

மேல்பக்கம் மட்டும் பளபளப்பு. மஞ்சள் கோடு வருஷா வருஷம் புதிதாக அடிப்பார்களாம். அடியில் யாரும் பார்க்கவில்லை. இல்லை, பார்த்தார்கள்.

அப்பா மற்ற டிரைவர்களோடு கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "மேடம், ஹெல்மெட் பட்டி போட்டுக்குங்க" என்றார். துறைமுகத்துக்குள் அவருக்கு நான் மேடம். அவர் போட்ட சட்டம் அது. "அங்க நீ யாரோ நான் யாரோ. டிரைவர் பொண்ணுன்னா ஒருத்தன் மதிக்க மாட்டான்." டிரைவர்களுக்கு மேஸ்திரியான சீனு அண்ணனுக்கு மட்டும் விஷயம் தெரியும். எங்கள் மேனேஜர் ரகுநாதன் சாருக்குத் தெரியாது.

மேடம் என்னும்போது அப்பாவுக்கு ஒரு சிரிப்பு வரும். அதை அடக்கிக்கொள்வார். எனக்கு அது பிடிக்காது. பிடிக்கும்.

நாளைக்கு:
போட்டோக்களுக்குப் பெயர் போடுவது.
கீல் சான்றிதழ்.
தண்ணீர் குறைவாகக் குடிப்பது. (கப்பல் மேடையில் பெண்களுக்கு டாய்லெட் இல்லை. கேட்க வேண்டும். கேட்க மாட்டேன்.)


செப்டம்பர் 12, வெள்ளி

விடிகாலை மழை. மீஞ்சூர் ஸ்டேஷனில் செருப்பு வழுக்கியது. யாரும் பார்க்கவில்லை.

புது ரேம்ப் டிரெய்லரில் வந்து கீலில் உட்கார்ந்துவிட்டது. ஒரே தடவையில். பாபு கீல் ஊசிக்கு முத்தம் கொடுத்தான். நான் டிராயிங்கில் எத்தனையோ முறை பார்த்த கோடு, அங்கே சாம்பல் நிறத்தில், சூடாக, பெயிண்ட் வாசனையோடு. அழுகை வந்தது. கன்டெய்னர் ஆபீசுக்குள் போய் ஃபைல் தேடுவதுபோல நின்றேன்.

ர.சார் போனில் யாரிடமோ: "இல்ல சார், புரட்டாசி பொறக்கறதுக்குள்ள பூஜை போட்டுடணும். ஆவணியிலயே ஒரு வண்டிய ஏத்தி இறக்கிட்டா மனசு நிம்மதி. சேர்மன் தொறப்பு விழா அப்புறம் வரட்டும்."

திங்கட்கிழமை பூஜை.

முதல் வண்டியை யார் ஓட்டுவது? சீனு அண்ணன் யோசிக்கவே இல்லை, அப்பா பெயரைச் சொன்னார். "தேவராஜ் அண்ணன்தான், வேற யாரு நைனா? அவரு கைராசிக்கு கப்பலே தானா கெளம்பும்." (சீனு அண்ணன் ஆந்திர எல்லை, ஆரம்பாக்கம் பக்கம். அவருக்கு ர.சாரும் நைனாதான், நாயும் நைனாதான்.)

ர.சார்: "யாரா இருந்தா என்ன, கீறல் விழாம ஓட்டினா சரி."

எங்கள் தெருவில் யார் புது வண்டி வாங்கினாலும் முதலில் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றுவது அப்பாதான். ஆட்டோ, பைக், ஒருமுறை டிராக்டர். வெற்றிலை பாக்கு தட்டில் வைத்துக் கூப்பிடுவார்கள். எங்களுக்கென்று வண்டி கிடையாது. ஒரு சைக்கிள், அதுவும் என்னுடையது.


செப்டம்பர் 14, ஞாயிறு

வெயில். அனல்மின் நிலையப் புகைபோக்கிப் புகை மேற்கே சாய்ந்திருந்தது. கடல்காற்று.

அப்பா வாசலில் உட்கார்ந்து நகம் வெட்டினார். ஞாயிறுதோறும். புதுக் காரில் நகம்கூடப் படக்கூடாது. வேலைக்குப் போகும்போது பெல்ட் போட மாட்டார், வாட்ச் கட்ட மாட்டார். கழற்ற வராத மோதிரத்தின் மேல் டேப் சுற்றிக்கொள்வார். சட்டைப் பொத்தான் வெளியே தெரியாது.

அம்மா: "கல்யாணத்துக்குப் போறப்பகூட இவ்ளோ மெனக்கெடல நீ."

அப்பா: "கல்யாணத்துல நான் கீறுனா நீ கேக்கமாட்ட. கார்க்காரன் கேப்பான்."

அம்மா கரண்டியை எடுத்து வீசுவதுபோல் காட்டினாள். மீன் குழம்பு. புதன்கிழமையிலிருந்து புரட்டாசி, அதற்குள் தின்று தீர்ப்பது என்று ஒரு வெறி வீட்டில்.


செப்டம்பர் 15, திங்கள்

காற்றே இல்லை. கடல் அசையாமல் கிடந்தது.

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ரேம்ப் தொடங்குகிற இடத்தில் வாழையிலை, பொரி, பழம். மந்திரம் ர.சாரின் போனில். ஒரு வெள்ளைக் கார், சீட்டில் பிளாஸ்டிக் பிரிக்காதது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். அப்பா ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டு உட்கார்ந்தார். கப்பல் எதுவும் நிற்கவில்லை. பாதி ரேம்ப் ஏறி, நின்று, அப்படியே பின்னால் இறங்க வேண்டும். சாஸ்திரத்துக்கு ஒரு ஓட்டம்.

கார் ஏறியது. கைதட்டல்.

கார் மேலே நிற்கும்போதே ர.சார் பூசணிக்காயைக் கையில் எடுத்தார். குங்குமம், சில்லறைக் காசு எல்லாம் போட்டு மூடியது, மேலே கற்பூரம். மூன்று சுற்று சுற்றி, ரேம்ப்பின் கீழ்முனையில், புதுப் பெயிண்ட் அடித்த இரும்பின் மேலேயே ஓங்கி அடித்தார். வெள்ளைச் சதை இரண்டு பக்கமும் சிதறி வழிந்தது. பாபு வீடியோ எடுத்தான். எல்லாரும் எடுத்தார்கள். சார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "வரச் சொல்லு" என்று கை காட்டினார். சீனு அண்ணன் விசில் அடித்தார்.

அப்பா பின்னால் வந்தார். மெதுவாக. நான் பக்கத்தில் நடந்திருந்தால் முந்தியிருப்பேன், அவ்வளவு மெதுவாக. பின் சக்கரம் பூசணிச் சதையில் ஏறியதும் பிரேக் பிடித்தார். கார் நிற்கவில்லை. குளியலறையில் சோப்பு போகிற மாதிரி போனது. நேர் கீழே ர.சார், கார் கம்பெனி ஆட்கள், கற்பூரத் தட்டோடு ஒருவர். முன் சக்கரம் இன்னும் காய்ந்த இடத்தில் இருந்தது. அப்பா ஸ்டியரிங்கை ஒடித்தார். காரின் பின் மூலை பக்கத் தடுப்பில் போய் மோதியது. விளக்கு நொறுங்கிய சத்தம். தட்டு கீழே விழுந்து உருண்டது.

அப்பா இறங்கினார். காரைப் பார்க்கவில்லை. ஆட்களைத்தான் பார்த்தார், எல்லாரும் முழுசாக நிற்கிறார்களா என்று.

ர.சார்: "என்னய்யா ஓட்டற? கண்ணு எங்க இருக்கு?"

அப்பா: "சாரி சார்."

எனக்கு இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரிந்தது.

பிறகு நடந்ததுதான் இன்னும் எரிகிறது. துடைப்பம் வந்தது, தண்ணீர் வந்தது. பூசணிக்காய் முழுதும் கடலில். கொஞ்ச நேரத்தில் ரேம்ப் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. ர.சார் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பூசணி உடைக்கிற வீடியோ காலையில் இருந்தது. சாயங்காலம் இல்லை. எல்லார் போனிலும் இருக்கிறது. யாருக்கும் தேவையில்லை.

அப்பாவின் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். கேட் வரை நடந்து போனார். நான் கன்டெய்னர் ஜன்னலில் நின்று பார்த்தேன். மேடம் ஆயிற்றே. ஓட முடியாது.


செப்டம்பர் 16, செவ்வாய்

விசாரணை. கன்டெய்னரில் ஏசி அளவுக்கு மேல் குளிர்.

துறைமுகத்து சேஃப்டி ஆபீசர் கேட்டார், "ரேம்ப் மேல ஆயில், கிரீஸ் ஏதாவது இருந்ததா?"

ர.சார்: "ஒரு சொட்டு இல்ல சார். புது ரேம்ப்."

"தண்ணி?"

"காய்ஞ்சு கெடந்துச்சு சார்." இது பாபு. என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆபீசரும் நேற்று அங்கேதான் நின்றார். முதல் வரிசையில். பூஜைப் பொரி இன்றும் ஒரு கவரில் அவர் மேஜைமேல். கொறித்துக்கொண்டே கேட்டார். எண்ணெய் இருந்ததா, தண்ணீர் இருந்ததா, மணல் இருந்ததா. உலகத்தில் வழுக்குகிற எல்லாப் பொருளையும் கேட்டார். ஒன்றைத் தவிர.

நான் டைப் செய்தேன். மேற்பரப்பு: உலர்ந்தது. எண்ணெய்: இல்லை. காரணம்: ஓட்டுநரின் வேகம்.

வேகம்! பழைய ஓட்டைப் பலகைமேல், எந்தப் பக்கம் எப்போது உள்வாங்கும் என்று தெரியாமல், எத்தனையோ ஆயிரம் கார். ஒரு கீறல் இல்லை. அதற்கு யாரும் விசாரணை வைக்கவில்லை. அந்த ரேம்ப்பை அப்படியே விட்டவர்களை யாரும் கன்டெய்னரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கவில்லை.

ர.சார் முடிவாக: "பழைய ரேம்ப்ல ஓட்டிப் பழகின ஆளு. புதுசு கைக்கு அடங்கல. எழுதி ஒரு மன்னிப்பு லெட்டர் குடுத்தா பாஸ் தந்துடலாம், நாம ஒண்ணும் ராட்சசன் இல்ல. ஆனா ஸ்டியரிங் வேணாம்."

வெளியே டீக்கடையில் யாரோ: "தேவராஜ் அண்ணன் ராசி போச்சுப்பா."

"வயசாவுதுல்ல."

"முதல் வண்டியே மோதிடுச்சே. அந்தப் பலகைக்கே பேஜாரு இனிமே."

டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன். வழக்கமாக என்றால் டம்ளரிடம் சாரி சொல்லியிருப்பேன். இன்று சொல்லவில்லை.


செப்டம்பர் 17, புதன்

புரட்டாசி பிறந்தது. அம்மா பாத்திரம் எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்திருந்தாள். வீட்டில் மீன் வாடை போய், பினாயில் வாடை.

அப்பா ஒரு வெள்ளைத் தாளோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பாப்பா, இங்கிலீஷ்ல நல்லா எழுதிக் குடு. என் கவனக்கொறைவால நடந்துடுச்சு, மன்னிக்கணும், இனிமே நடக்காது. பெரிய வார்த்தையா போடு."

"எழுத மாட்டேன்."

"ஏன்?"

"வழுக்கினது பூசணிக்காய்லப்பா."

"எனக்குத் தெரியாதா? என் சக்கரத்துக்குக் கீழதான நடந்துச்சு."

"அப்ப அத சொல்லு."

"யாராண்ட சொல்ல சொல்ற? சாமிக்குச் சுத்திப் போட்டத கொறை சொன்னான்னு ஆவும். நாளைக்கு அந்தப் பலகை மேல எவனுக்குனா ஒண்ணு ஆச்சின்னு வெச்சுக்கோ, தேவராஜு வாய் வெச்சான், அதான்னுவானுங்க. வேகமா ஓட்டுனான்ற பேரு போயிடும் பாப்பா. வாய் வெச்சான்ற பேரு போவாது."

"நீ ஒடிக்கலன்னா ரகுநாதன் சார் கால் போயிருக்கும்."

"போவலல்ல? வுடு."

அம்மா உள்ளேயிருந்து: "அவளுக்குப் படிப்பு குடுத்த, இப்ப அவ கேள்வி கேட்டா கோவம் வருது உனக்கு."

"கோவம் எனக்கா? மூஞ்சப் பாரு அவளுக்கு. செங்கல்லு மாதிரி."

எனக்குப் பூஜைமேல் கோபம் இல்லை. நானும் கும்பிட்டேன். பூசணிக்காயை மண்ணில் உடைத்தால் சாமி வாங்கிக்கொள்ள மாட்டாரா? கேட்டுக்கு வெளியே எவ்வளவு மண் கிடக்கிறது! வண்டி வருகிற வழியில், சரிவில், இரும்பில் உடைத்துவிட்டு, வழுக்கியவன் மன்னிப்பு எழுத வேண்டும். உடைத்தவர் அதைப் படித்துப் பார்த்து ஏற்றுக்கொள்வார்.

இதை அப்பாவிடம் சொல்லவில்லை. தாளை மட்டும் மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வெளியே போய்விட்டார். சாப்பிடவில்லை. நானும்.


செப்டம்பர் 19, வெள்ளி

சாயங்காலம் இடி, பெரிய மழை. ரயில் நந்தியம்பாக்கத்தில் நின்றுவிட்டது.

லெட்டரை சீனு அண்ணனே தமிழில் எழுதிவிட்டார். அப்பா கையெழுத்துப் போட்டார். பாஸ் திரும்பி வந்தது. வேலை: கப்பலுக்குள் கார் நின்றதும் சக்கரத்துக்கு மரக்கட்டை வைப்பது, பட்டையால் கட்டுவது. ஓட்டுவது இல்லை.

சீனு அண்ணன் என்னிடம் தனியாக: "கோச்சுக்காதம்மா. எழுதலன்னா உன் நைனா உள்ளயே வந்திருக்க முடியாது. நான் விசில் அடிச்சவன். எனக்கு மட்டும் தூக்கம் வருதுன்னு நெனச்சியா?"

"நீங்க சொல்லலாமே அண்ணா."

"நான் சொன்னா என் கேங்குல பதினாறு ஊட்டுக்கு வேல போவும். நீ சொல்லேன், இஞ்சினியரு."

மதியம் யார்டில் அந்த வெள்ளைக் காரைப் பார்த்தேன். ஓரமாக, பின் விளக்கு இல்லாமல், கண் பிடுங்கின மாதிரி. பின் டயர் பள்ளத்தில் ஒரு பூசணி விதை, காய்ந்து, தட்டையாக. எல்லாவற்றையும் கழுவினார்கள், இதை விட்டுவிட்டார்கள். கொஞ்ச நேரம் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். எடுக்கவில்லை. எடுத்து யாரிடம் காட்ட? அவர்களுக்குத் தெரியாததா?

ர.சாரிடம் பேசிவிடுவது என்று போனேன். வாக்கியத்தை மூன்று முறை மனதில் சொல்லிப் பார்த்துக்கொண்டு.

"சார்… சாரி சார்… அந்தப் பூசணிக்காய்…"

"கரெக்ட்! நானே உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். திங்கக்கிழமை சேர்மன் வர்றார். புரட்டாசியாச்சேன்னு பார்த்தேன், தேதி குடுத்துட்டார், என்ன பண்றது. போன தடவை ஒண்ணே ஒண்ணுதான் உடைச்சோம், திருஷ்டி சரியா கழியல. பாத்தே இல்ல, முதல் வண்டியே அடி. இந்த தடவை மூணு. நீ மீஞ்சூர்ல இருந்துதானே வர்றே? பெருசா பாத்து வாங்கிட்டு வந்துடு."

"சரி சார்" என்றேன்.

சரி சார்! நான், பி.இ., முதல் வகுப்பு, சரி சார்!


செப்டம்பர் 20, சனி

வெயில், ஈரம். முதல் புரட்டாசிச் சனி. அம்மா காலையிலேயே பெருமாள் கோயிலுக்குப் போய் வந்து, வடை சுட்டாள்.

எதிர்வீட்டு மாலா அக்காவின் மகன் புது பைக் எடுத்து வந்தான். சிவப்பு. மாலை போட்டு, சந்தனம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். அப்பா சட்டை மாற்றிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். கூப்பிடுவார்கள் என்று. மோதிரத்தில் டேப்கூடச் சுற்றிவிட்டார், பழக்கத்தில்.

கூப்பிடவில்லை. மாலா அக்காவின் தம்பி ஓட்டினான்.

பிறகு மாலா அக்கா எங்கள் வாசலுக்கு வந்து கேசரி கொடுத்தாள். "அண்ணனுக்கு கையில வலின்னு சொன்னாங்க. அதான் பேஜாரு பண்ண வேணாம்னு…"

அம்மா: "கையில வலியா? யாரு சொன்னது?"

"சும்மா… பேசிக்கினாங்க."

அம்மா கேசரியை வாங்கி வைத்தாள். சர்க்கரை தூக்கலாக இருந்தது என்று பொய் சொல்லிப் பூனைக்குப் போட்டாள்.

அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே போய், பைக்கைச் சுற்றி வந்து, "நல்லா இருக்குடா வண்டி" என்றார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு. தொடவே இல்லை.

அவருக்கே நம்பிக்கை போய்விட்டது. தன் கையைப் பற்றி அவரே அவர்கள் சொல்வதை நம்புகிறார். இதற்காக ர.சாரை நான் மன்னிக்க மாட்டேன். பாஸைத் திருப்பித் தரலாம், விளக்கை மாற்றலாம். இதை எந்தக் கடையில் வாங்கித் தருவார்?


செப்டம்பர் 21, ஞாயிறு

மேகமூட்டம்.

மீஞ்சூர் மார்க்கெட். மூன்று பூசணிக்காய். கடைக்காரர்: "இன்னாமா, ஊடு கட்றீங்களா?" இல்லை. "கடையா?" இல்லை. "அப்ப யாருக்கு இவ்ளோ திருஷ்டி?" கோபத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஷேர் ஆட்டோவில் மடியில் ஒன்று, காலடியில் இரண்டு.

அப்பா மூன்றையும் தட்டிப் பார்த்தார். "நல்லா முத்தின காயி" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

சாயங்காலம் அவர் நகம் வெட்டவில்லை. நகவெட்டியை நானே எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.

"கட்டை வெக்கறதுக்கு நகம் இருந்தா இன்னா பாப்பா?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.


செப்டம்பர் 22, திங்கள்

தூறல் நின்றுவிட்டது. ரேம்ப் ஈரம். பந்தல், சிவப்புக் கம்பளம், ரிப்பன். ஒலிபெருக்கியில் நாதஸ்வரம். கப்பல் ஒன்று வந்து நிற்கிறது, வாயைத் திறந்துகொண்டு.

கன்டெய்னர் ஆபீஸ் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். டைரியை முதல்முறையாகத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தேன். சார் இன்னும் வரவில்லை.

கப்பல் நின்றாலும் முதலில் அதே சாஸ்திர ஓட்டம்தான், பாதி ஏறிப் பின்னால் இறங்குவது. முதல் வண்டிக்குப் புது ஆள். சின்னப் பையன், பெயர் ஆனந்த், போன வருஷம்தான் சேர்ந்தான். காலையிலிருந்து பாத்ரூமுக்குப் போய்க்கொண்டே இருக்கிறான். "அக்கா, அந்தப் பூசணி எங்க உடைப்பாங்க?" என்று என்னிடம் கேட்டான். அவனுக்குத் தெரிகிறது. எல்லாருக்கும் தெரிகிறது. இந்தத் தடவை ஈர இரும்பின் மேல் மூன்று. கீழே போன தடவை நின்றதைவிட அதிகம் பேர் நிற்பார்கள். இவன் ஒடிக்க மறந்தால்?

சற்றுமுன் அப்பா மரக்கட்டைகளைத் தோளில் வைத்துக்கொண்டு இந்த வழியாகப் போனார். நான் படியை அடைத்து உட்கார்ந்திருந்தேன்.

"மேடம், கொஞ்சம் வழி விடுங்க."

சிரிப்பு இல்லை. அடக்குவதற்குக்கூட இல்லை. வெறும் மேடம்.

நகர்ந்து வழி விட்டேன். அப்போது முடிவு செய்தேன்.

மூன்று பூசணிக்காயும் கன்டெய்னருக்குள். பூட்டிவிட்டேன். சாவி என்னிடம். பாபு பார்த்துவிட்டு, "சாரி மேடம், இன்னா பண்றீங்க?" என்றான். "சாரி இல்ல" என்றேன். அவன் தன் போனை எடுத்து, அன்று பூசணி உடைத்த வீடியோவை எனக்கு அனுப்பிவிட்டுப் போய்விட்டான். கேட்கவில்லை நான். தேவையும் இல்லை. ஆனாலும்.

சாரிடம் கேட்க வேண்டியவை, வரிசையாக. எழுதி வைத்தால்தான் நாக்கில் வரும்.

பூசணிக்காயை கேட்டுக்கு வெளியே, மண்ணில் உடைப்பது. மூன்றையும். வேண்டுமென்றால் முப்பது.

வண்டி இறங்குகிற வழியில் ஒருவரும் நிற்கக் கூடாது. சேர்மனும்.

ஏறுவதற்கு முன் ரேம்ப்பைத் துடைக்க வேண்டும். ஆள் இல்லை என்றால் நான் துடைக்கிறேன். துடைப்பம் எடுத்து வைத்திருக்கிறேன்.

மேடையில் பெண்களுக்கு டாய்லெட். (இன்றைக்கு வேண்டாம். இல்லை, இன்றைக்கே.)

ரிப்போர்ட்டில் 'உலர்ந்தது' என்று நான் டைப் செய்ததை நானே மாற்றி அனுப்புவேன். இது அனுமதி கேட்பது இல்லை, தகவல்.

இன்னொன்று இருக்கிறது. அதைத்தான் ஒரு வாரமாக எழுதாமல் சுற்றிச் சுற்றி வருகிறேன். அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார், அந்த மேடம் சட்டத்தை ஞாபகப்படுத்துவார். பரவாயில்லை.

சார் கார் வந்துவிட்டது. இறங்குகிறார். வெள்ளை வேட்டி. "பூசணி எங்கம்மா?" என்று தூரத்திலிருந்தே சத்தம்.

சாரி என்று ஆரம்பிக்கக் கூடாது.

சார், தேவராஜ் எங்க அப்பா. முதல் வண்டிய அவர் ஓட்டணும்.